காற்று வேகமும் கைவினை விமானமும்

புணே நகரை அடுத்த தாபோடியில் பவனா ஆறு முளா ஆற்றோடு கலக்கின்றது. மழைக்காலத்தில் பெருகி வரும் அந்நீரில், நுனி வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றை ஓட்டத்தை எதிர்நோக்கி அமிழ்த்தினால், குழாயினுள் நீர் ஆற்று மட்டத்திற்கு மேல் எழும். ஓட்டம் வினாடிக்கு 1 மீட்டராயின் எழுச்சி சுமார் 5 சென்டிமீட்டர். 2 மீட்டராயின் 20 சென்டிமீட்டர். 1732ஆம் ஆண்டில் ஆன்றி பிட்டோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் செயின் ஆற்றின் வேகத்தை இம்முறையிலேயே அளந்தார். இன்று விமானங்களின் வேகத்தை அளப்பதும் அவர் பெயர் கொண்ட குழாயே.

தனிமனிதர் தம் முயற்சியால் விமானம் அமைப்பது இந்தியாவிற்குப் புதிதன்று. மும்பை காந்திவலியில் ஒரு வீட்டு மேல்தளத்தில் அமோல் யாதவ் கட்டிய விமானம் 2017இல் அரசுப் பதிவு பெற்றது. இத்தகைய முயற்சிகளில் இயந்திரத்திற்கும் இறக்கைக்கும் காட்டப்படும் கவனம் வேகமானிக்கும் காட்டப்படவேண்டும். விலை உயர்ந்த கருவியை வாங்கிப் பொருத்திவிட்டால் போதும் என்னும் எண்ணம் தவறானது.

வேகமானி அளப்பது வேகத்தை அன்று. இரு அழுத்தங்களின் வேறுபாட்டையே. எதிர்க்காற்று பிட்டோ குழாயில் உண்டாக்கும் அழுத்தம் ஒன்று. சுற்றியுள்ள காற்றின் நிலையழுத்தம் மற்றொன்று. பிட்டோ குழாய் பெரும்பாலும் பிழை செய்வதில்லை. பிழையின் உறைவிடம் நிலையழுத்தத் துளையே. விமானத்தின் உடலைச் சுற்றிக் காற்று வளைந்து ஓடுவதால், துளை அமைந்த இடத்தில் அழுத்தம் கூடியோ குறைந்தோ இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மொத்த வேறுபாடே 17 மில்லிமீட்டர் நீருயரத்திற்குச் சற்று மிகுதி. துளையில் 3 மில்லிமீட்டர் குறைந்தால், முள் 65 எனக் காட்டும். இறங்கும் வேளையில் இறக்கை தூக்குவிசையை இழக்கும் எல்லைக்கு அருகில், இல்லாத 5 கிலோமீட்டரை விமானி நம்பியிருப்பார்.

பெரிய விமானங்களும் இதற்கு விலக்கல்ல. 1996 அக்டோபரில் பெரு நாட்டு விமானம் ஒன்றைத் தூய்மை செய்தபோது நிலையழுத்தத் துளைகளின் மேல் ஒட்டிய நாடா அகற்றப்படாமல் விடப்பட்டது. விமானம் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 70 பேரும் மாண்டனர்.

செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவி வேகத்தைச் சொல்லுமே எனச் சிலர் வினவலாம். அது தரைவேகத்தைச் சொல்லும். இறக்கை அறிவதோ காற்றுவேகத்தை மட்டுமே. பின்காற்று 20 கிலோமீட்டராயின், அக்கருவி 80 எனக் காட்டும்பொழுது இறக்கைக்குக் கிடைப்பது 60 மட்டுமே. ஆயினும், பாதுகாப்பான உயரத்தில், முள்ளை ஒரே எண்ணில் நிறுத்தி, வெவ்வேறு திசைகளில் பறந்து தரைவேகங்களைக் குறித்தால், காற்றின் பங்கைக் கணக்கால் நீக்கி வேகமானியின் பிழையைக் காண அக்கருவி பெரிதும் உதவும். கணக்கில் உயரத்தையும் வெப்பத்தையும் சேர்த்தல் வேண்டும். கடல்மட்டத்திற்குச் சுமார் 560 மீட்டர் உயரத்திலுள்ள புணேயில், 35 பாகை வெப்பமுள்ள பிற்பகலில், முள் 100 காட்டினால் உண்மை வேகம் ஏறக்குறைய 107. இது கருவியின் குறையன்று. காற்று மெலிந்ததன் விளைவு.

பறப்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனைக்குச் செலவும் மிகுதியில்லை. மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனை அமைந்த தாபோடி போன்ற ஊரில் ஒளிபுகும் குழாயும் அளவுகோலும் அரியன அல்ல. யு வடிவில் வளைத்த குழாயில் நீர் நிரப்பி, அதனைப் பிட்டோ குழாயுடன் இணைத்து, மெல்ல அழுத்தம் கொடுத்தால், நீர்மட்ட வேறுபாடு 48 மில்லிமீட்டர் ஆகும்போது முள் 100இலும், 108 ஆகும்போது 150இலும் நிற்கவேண்டும். அழுத்தத்தை ஒரு நிமிடம் நிறுத்திவைக்கையில் முள் இறங்கினால் இணைப்பில் கசிவு உண்டு எனத் தெளியலாம். குளவிக் கூடும் மழைநீரும் குழாயை அடைக்காவண்ணம், நிறுத்தி வைக்கும்போது உறையிடுவதும், பறக்குமுன் அதை அகற்றுவதும் வழக்கமாகவேண்டும்.

ஆகவே, கைவினை விமானம் ஒவ்வொன்றின் பதிவேட்டிலும் வேகமானியின் பிழைப் பட்டியல் இடம்பெறுதல் முறையாகும். அமைப்பவர் அதனைத் தாமே முன்வந்து தயாரிக்கவும், சோதிப்பவர் அதனைக் கேட்டு வாங்கவும் வேண்டும். இறக்கையின் வலிமையைப் போலவே முள்ளின் மெய்ம்மையும் விமானியின் உயிரைத் தாங்குவது.