ஆண் நாய்க்குட்டியும் அதன் யஜமானர் கடமையும்

நமது நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் எட்டு மாதம் நிரம்பிய ராஜபாளையம் ஆண் நாய் ஒன்று வளர்ந்து வருகிறது. சில காலமாக அது சுவர்தோறும் காலைத் தூக்குகிறது. தெருவில் பெட்டை நாயின் வாடை வீசினால் இரவெல்லாம் ஊளையிட்டுக் கதவைப் பிறாண்டுகிறது. இருமுறை மதிலைத் தாண்டி ஓடிக் காது கிழிந்து திரும்பியிருக்கிறது. ஆறாம் மாதத்திலேயே விதையை எடுத்திருக்க வேண்டும் என்கிறார் ஒரு வைத்தியர். இரண்டு வயது வரை தொடலாகாது என்கிறார் மற்றொருவர். வாயில்லா ஜீவனின் ஆண்மையைப் பறிப்பது பாவம் என்கிறார் வீட்டிலுள்ள பெரியவர். யார் சொல்வதைக் கேட்பது என்பது நேயரின் வினா.

தேசத்தில் எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்க, பத்திரிகையின் தலையங்கத்தில் நாய்க்கு இடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். தன்னை நம்பியிருக்கும் ஒரு ஜீவனின் உடலில், அதன் சம்மதத்தைக் கேட்கவும் வழியின்றி, திரும்பப் பெற முடியாத ஒரு காரியத்தைச் செய்விப்பது அற்ப விஷயமன்று. செய்யாமல் விட்டு, அதன் பலனைத் தெருவின் தலையில் சுமத்துவதும் அற்ப விஷயமன்று. ஆகவே இரு பக்கத்து வாதங்களையும் கேட்டு, சாட்சியத்தைச் சீர்தூக்கி, நமது அபிப்பிராயத்தைக் கூறுவோம்.

முதலில் பெரியவரின் ஆட்சேபத்தை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள ஜீவகாருண்யத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அந்தக் காருண்யம் மதிலோடு நின்றுவிடலாகாது. இரவில் அவிழ்த்து விடப்பட்ட ஆண் நாய் தெருவில் என்ன செய்துவிட்டு வருகிறதென்பது யஜமானருக்குத் தெரிவதில்லை. சுமார் 63 நாள் கழித்துச் சாக்கடையோரத்தில் ஆறேழு குட்டிகள் கண் திறவாமல் கிடக்கின்றன. வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டவை போக, பசியிலும் நோயிலும் மாய்ந்தவை போக, எஞ்சியவை தெருநாய்களாகின்றன. பெட்டையைச் சகலரும் சபிக்கிறார்கள். தகப்பன் யார் வீட்டு நாய் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. ஒரு நாயை அறுப்பது பாவமென்றால், ஆறு குட்டிகளைச் சாகப் பிறப்பிப்பது புண்ணியமாகுமா?

இதனுடன் வேறு இரண்டு நம்பிக்கைகளும் நம்மவரிடையே உலவுகின்றன. ஒரு முறையேனும் பெட்டையுடன் சேர்ந்த பிறகே சிகிச்சை செய்ய வேண்டுமென்பது ஒன்று. இதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரமில்லை. விதை நீக்கிய நாய் வீட்டைக் காக்காது என்பது மற்றொன்று. அந்நியனைக் கண்டு குரைப்பதும் தன் இடத்தைக் காப்பதும் நாயின் ஜாதி குணத்தையும் பழக்கத்தையும் பொறுத்தவை. விதையை மட்டும் பொறுத்தவையல்ல.

நிற்க. செய்வதென்று தீர்மானித்தால் எப்பொழுது செய்வது? இங்கேதான் வைத்தியர்களே மாறுபடுகிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. ஆண் நாய்கள் ஆறு முதல் பன்னிரண்டு மாதத்திற்குள் பருவமடைகின்றன. அதனால் ஆறாம் மாதத்தில் முடித்துவிடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஆனால் விதையில் சுரக்கும் வஸ்து இச்சையை மட்டும் உண்டாக்குவதில்லை. நீண்ட எலும்புகளின் நுனியிலுள்ள வளர்ச்சிப் பட்டைகள் உரிய காலத்தில் மூடிக்கொள்வதற்கும் அது உதவுகிறது. அதை முன்னதாகவே நீக்கினால் எலும்பு தன் அளவுக்கு மேல் நீளுகிறது; மூட்டுகளின் பொருத்தம் கெடுகிறது.

இது நம் உழவர்கள் அறியாத விஷயமன்று. ஏருக்கும் வண்டிக்கும் வேண்டிய காளையைக் கன்றிலேயே காயடித்தால் திமிலும் கழுத்தும் திரளமாட்டா என்பதைக் கண்டு, அது ஓரளவு வளரும் வரை காத்திருந்தவர்கள் அவர்கள். காயடிப்பதா வேண்டாமா என்று அவர்கள் மயங்கியதில்லை. எப்பொழுது என்பதிலேதான் கவனம் வைத்தார்கள்.

இக்காலத்து ஆராய்ச்சியும் அதே வழியில் செல்கிறது. கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் கிளையைச் சேர்ந்தவர்கள் 759 கோல்டன் ரெட்ரீவர் நாய்களின் வைத்திய தஸ்தாவேஜுகளைப் பரிசீலித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு முன் விதை நீக்கிய ஆண் நாய்களில் நூற்றுக்குப் பத்துக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு கண்டிருந்தது. விதை நீக்காதவற்றில் அதில் பாதிதான். முழங்கால் தசைநார் அறுதல் விதை நீக்காதவற்றில் ஒன்றுக்கும் இல்லை. ஒரு வயதுக்கு முன் நீக்கிய ஆண்களில் நூற்றுக்கு ஐந்துக்கு இருந்தது. ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைப் பற்றி 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒரு வயதுக்கு முன் விதை நீக்கிய ஆண்களில் நூற்றுக்கு 21-க்கு மூட்டு நோய் கண்டது; நீக்காதவற்றில் நூற்றுக்கு 7-க்கே கண்டது. 2020-ல் 35 ஜாதிகளையும், தனியே கலப்பு நாய்களையும் ஆராய்ந்தார்கள். சிறிய ஜாதிகளில் இந்த அபாயம் கூடவில்லை. கலப்பு நாய்களிலும், வளர்ந்தபின் 20 கிலோவுக்கு மேற்படுபவற்றுக்கே முன்கூட்டிச் செய்யும் சிகிச்சையால் மூட்டு நோய் மிகுந்தது.

எனவே "ஆறாம் மாதம்" என்றவரும் முழுத் தவறு சொல்லவில்லை. "பொறு" என்றவரும் முழுத் தவறு சொல்லவில்லை. சின்ன நாயை மனத்தில் கொண்டு ஒருவர் பேசினார். பெரிய நாயை மனத்தில் கொண்டு மற்றவர் பேசினார். பொமரேனியன் போன்ற சிறு நாய்க்கு ஆறு மாதத்திற்குப் பின் எப்பொழுதும் செய்யலாம். ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய உடம்புக்கு வளர்ச்சி முடியும் வரை, அதாவது ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை, பொறுப்பதே விவேகம்.

சிகிச்சையினால் வரும் நன்மை தீமைகளையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். விதையில் வரும் புற்றுநோய்க்கு இடமில்லாமற் போகிறது. வயது முதிர்ந்த ஆண் நாய்களுக்குச் சாதாரணமாய் வரும் பிராஸ்டேட் வீக்கம் வருவதில்லை. ஆனால் இவ்வீக்கம் வந்த பிறகு விதை நீக்கினாலும் குணமாகும் ஆதலால், இதற்காக மட்டும் குட்டியிலேயே அவசரப்பட வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் பின் உடம்பு எளிதில் பருக்கும். சோற்றைக் குறைத்து நடையைக் கூட்ட வேண்டும். விதை வயிற்றிலிருந்து கீழிறங்காமல் உள்ளேயே தங்கிவிட்ட நாய்க்கு மட்டும் யோசனைக்கே இடமில்லை; அது பிற்காலத்தில் கட்டியாக மாறக்கூடுமாதலால் எடுத்தே தீர வேண்டும்.

குணத்தைப் பற்றியே ஜனங்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஊர் சுற்றுவது, பெட்டையைத் தேடி மதில் தாண்டுவது, வீட்டுக்குள் மூத்திரத்தால் அடையாளமிடுவது, ஆண் நாய்களோடு சண்டையிடுவது ஆகியவை விதை நீக்கினால் பெரும்பாலும் தணிகின்றன. பயத்தினால் சீறிக் கடிக்கும் நாயோ இதனால் சாதுவாகிவிடாது. சிலவற்றுக்குப் பயம் அதிகரிப்பதும் உண்டு. அத்தகைய நாய்க்கு வேண்டியது பொறுமையான பழக்கம். பழக்காத குற்றம் யஜமானருடையது. அதற்குக் கத்தியால் பரிகாரம் தேடுவது நியாயமன்று.

நார்வே தேசத்தில் 2009-ஆம் வருஷத்து மிருக நலச் சட்டம், தக்க காரணமின்றி நாய்க்கு இச்சிகிச்சை செய்வதை அனுமதிப்பதில்லை. அங்கே நாய் யஜமானர் கைவாரில் நடக்கிறது, தெருநாய்க் கூட்டமில்லை. நம் நாட்டின் நிலைமை வேறு. சென்னையில் 1964-ல் நீல சிலுவைச் சங்கத்தார் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை என்ற முறையைத் தொடங்கினார்கள். நாடு முழுவதற்குமான விதிகள் 2001-ல் வந்து, 2023-ல் புதுப்பிக்கப்பட்டன. வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் உடையவரே பொறுப்பாளி என்று அவ்விதிகள் கூறுகின்றன. 2025 ஆகஸ்டு 11-ல் டில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்து அடைக்கும்படி கட்டளையிட்ட சுப்ரீம் கோர்ட்டு, அம்மாதம் 22-ல் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்த நாய்களை, வெறிநாய்களும் மூர்க்கமானவைகளும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடலாமென்றது. வழக்காடியவர்கள் தெருநாயைப் பற்றியே பேசினார்கள். தெருநாயின் தகப்பன்மாரில் எத்தனை பேர் பகலில் கழுத்துப்பட்டையோடு திண்ணையில் படுத்திருக்கிறார்கள் என்பதை அவரவர் மனச்சாட்சியே சொல்ல வேண்டும்.

ஆகையால் நமது தீர்ப்பு இது. தன் மதிலையும் கதவையும் நம்பக்கூடியவர், நாயைக் கைவாரில்லாமல் வெளியே விடாதவர், பெரிய ஜாதி நாய்க்கு ஒன்றரை ஆண்டு வரை காத்திருக்கலாம். வைத்தியரைக் கலந்து, செய்யாமலே வைத்திருக்கவும் அவருக்கு உரிமையுண்டு. நம்ப முடியாதவருக்கு அந்த உரிமையில்லை. நாயின் மூட்டைக் காரணம் காட்டிக்கொண்டு, இரவில் அதைத் தெருவில் விடுவது வெறும் சாக்கு. நமது நேயரின் நாய் இருமுறை மதில் தாண்டிவிட்டது. இன்றே மதிலை உயர்த்தி, காலையிலும் மாலையிலும் கைவாரோடு நடத்தி, வளர்ச்சி முடியும் வரை காக்க அவரால் இயலுமானால் அதுவே உத்தமம். இயலாதென்றால் தாமதியாமல் சிகிச்சையை முடித்துவிடட்டும். முடித்த பின்பும் சில வாரங்கள் வரை கருவுண்டாக்கும் சக்தி இருக்குமாதலால், காவலைத் தளர்த்தலாகாது.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. ராஜபாளையம் நாயின் உருவத்தை 2005-ல் தபால் தலையில் பொறித்துக் கௌரவித்தார்கள், சந்தோஷம். ஆனால் மேற்கூறிய 35 ஜாதிகளின் பட்டியலில் ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை, கோம்பையும் இல்லை. நம் நாய்களின் எலும்பைப் பற்றி நாம்தான் ஆராய வேண்டும். 1903-ல் தோன்றிய சென்னைக் கால்நடை வைத்தியக் கல்லூரி இருக்கையில், இதற்கு அந்நிய தேசத்தார் கணக்கை எதிர்பார்த்திருப்பது அழகன்று. தாலுகா கால்நடை ஆஸ்பத்திரிதோறும் இச்சிகிச்சை ஏழைக்கும் எட்டும்படி கிடைக்கவும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நாய் தன் யஜமானரைத் தேர்ந்துகொள்வதில்லை. அதற்காக யோசிக்கும் பொறுப்பை ஏற்றவர், சௌகரியத்தை யோசித்து அதற்குத் தர்மம் என்று பெயரிடலாகாது. இதையே நேயருக்கும், அவரைப் போன்ற அனைவருக்கும் கூற விரும்புகிறோம்.