மருந்துச் சீட்டோடு இன்னொரு சீட்டும் வேண்டும்

மாம்புரித் தென்னந்தோட்டங்களில் ஒருவர் இறந்தால் பந்தல் போட மரண உதவிச் சங்கம் ஓடி வருகிறது. பிரஷர் மாத்திரையோடு கிளினிக்கிலிருந்து தனியே திரும்பும் முதியவரிடம், "சாப்பிட்டீர்களா? துணைக்கு யார்?" என்று கேட்க ஆளில்லை. இதைக் கேட்டு, நோயாளியை உரிய உதவியோடு சேர்த்துவிடவே இங்கிலாந்தில் 2019 முதல் குடும்ப வைத்தியர்களோடு தனிப் பணியாளர்களை அமர்த்தி வருகிறார்கள்.

நம்மிடமும் குடும்ப நல உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர், சமூக சேவை உத்தியோகத்தர் உண்டு. ஒருவரிடமிருந்து மற்றவரிடம் நோயாளியைச் சேர்க்கும் வழிதான் இல்லை. சிறுநீரக நோயாளருக்கு அஸ்வெசும கொடுப்பனவு உண்டென்பதைக் கிளினிக்கிலேயே சொல்லி, யாரைப் பார்ப்பதென்று சீட்டெழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டோடு வருபவரின் ஒருநாள் சம்பளம் வீணாகாமல் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போக, தோட்டத்துக்கு ஒருவர் தேவை. அடுத்த கிளைக் கூட்டத்தில் அந்தப் பெயர்களை எழுதுவோம்.