வழிகாட்டி யார் என்று முதலில் கேளுங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு காட்சி தவறாமல் இடம்பெறும். மேசைமேல் வண்ண வண்ண விளம்பரத் தாள்கள் பரப்பப்படும். இப்போது அவை புலனக் குழுவிலும் வந்து குவிகின்றன. முகில் தழுவும் மலைமுகடு, வெண்மணல் கடற்கரை, பச்சைப் பசேலென்ற வயல்வெளி என்று ஒன்றை ஒன்று விஞ்சும் படங்கள். "இது அழகாக இருக்கிறதே, இங்கேயே நடைப்பயணம் போகலாம்" என்பார் ஒருவர். "இது மலிவு" என்பார் மற்றொருவர். அழகையும் விலையையும் பேசி முடித்தவுடன் கூட்டம் கலைந்துவிடும். நம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முன்னால் நடக்கப் போகிறவர் யார் என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை.

மலை, கடற்கரை, நாட்டுப்புறம் ஆகியவற்றுக்கு மாணவர்களை நடத்தி அழைத்துச் செல்ல வேண்டும் என்பதில் எனக்கு இருவேறு கருத்து இல்லை. ஆனால், இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பு வழிகாட்டியைத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது. இதை நான் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் 'பினா இன்சான் குரு' முகாமுக்காக எங்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். திசைகாட்டியைப் பார்த்து நடக்கவும் கூடாரம் அமைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்த இரண்டு மூன்று நாள் அனுபவத்தை வைத்துக்கொண்டு, காட்டைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

2009-ஆம் ஆண்டு ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் 26 பேரை ஓர் அருவிக்கு அழைத்துச் சென்றோம். ஆசிரியர்கள் மூவர். ஏற்பாடு செய்தது ஒரு சுற்றுலா நிறுவனம். "அனுபவம் மிக்க வழிகாட்டி உடன் வருவார்" என்று விளம்பரத் தாளில் அச்சிட்டிருந்தார்கள். வந்தவரோ வேறொருவருக்கு மாற்றாக அனுப்பப்பட்ட இளைஞர். அவ்விடத்திற்கு அவரும் அன்றுதான் முதன்முறையாக வருகிறார் என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

பிள்ளைகள் ஆற்றின் நடுவிலிருந்த பாறையில் அமர்ந்து சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே வானம் தெளிவாகவே இருந்தது. மலையின் உச்சிப் பக்கம் மட்டும் கறுத்துக் கிடந்தது. அவ்வழியே கூடையுடன் வந்த ஓராங் அஸ்லி முதியவர் ஒருவர் நின்று, நீரை உற்றுப் பார்த்தார். கைகளை வீசி, "நீர் வரப்போகிறது, எல்லாரும் மேலே ஏறுங்கள்" என்று மலாயில் சத்தமிட்டார். எங்கள் வழிகாட்டி சிரித்தபடி, "இன்னும் பத்து நிமிடம் இருக்கலாம், ஒன்றும் ஆகாது" என்றார். நான் நீரைப் பார்த்தேன். சற்று முன்வரை அடிமணல் தெரிந்த நீர், தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம். பத்து நிமிடம் ஆவதற்குள் அந்தப் பாறை நீருக்குள் மறைந்துவிட்டது.

நம் நாட்டு மக்கள் 'கெப்பாலா ஆயர்' என்று குறிப்பிடும் திடீர் நீர்ப்பெருக்கு அது. மலையுச்சியில் பெய்யும் மழை, கீழே வெயில் அடிக்கும்போதே ஆற்றைப் பொங்க வைத்துவிடும். நீரின் நிறம் மாறுவது, இலைகளும் குச்சிகளும் மிதந்து வருவது, மேற்பக்கம் இரைச்சல் கேட்பது ஆகியவையே அதன் அறிகுறிகள். அந்த ஆற்றங்கரையில் வாழ்ந்தவருக்கு அது தெரிந்திருந்தது. பணம் பெற்றுக்கொண்டு வந்தவருக்குத் தெரியவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியையான எனக்கும் தெரியவில்லை.

எவருக்கும் ஒரு கீறலும் இல்லை. பேருந்தில் பிள்ளைகள் பாடிக்கொண்டே வந்தார்கள். மறுநாள் பள்ளிக்கு அளித்த அறிக்கையில், "நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அந்த ஒரு வரி இன்றுவரை என்னை உறுத்துகிறது. உண்மையை எழுதியிருந்தால் அடுத்து அதே நிறுவனத்தை நாடும் பள்ளியாவது விழிப்புடன் இருந்திருக்கும்.

'ஆழமறியாமல் காலை விடாதே' என்று நம் முன்னோர் சொன்னது வெறும் பழமொழி அன்று.

பெற்றோரின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2015 ஜூன் 5-ஆம் நாள் கினபாலு மலையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரின் தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளியைச் சேர்ந்த ஏழு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் அவர்களுள் அடங்குவர். 2022 டிசம்பர் 16-ஆம் நாள் விடியற்காலை பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் மாண்டனர். அவர்களிலும் ஆசிரியர்களும் குழந்தைகளும் இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அனுமதிக் கடிதத்தை நீட்டும்போது, "டீச்சர், பிள்ளையைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டு வந்துவிடுவீர்களா?" என்று ஒரு தாயாவது கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

இவ்விரு பேரிடர்களும் ஒன்றல்ல என்பதையும் நாம் உணர வேண்டும். நிலநடுக்கத்தை எந்த வழிகாட்டியாலும் முன்கூட்டியே அறிய முடியாது. எனினும், அன்று மலையில் சிக்கிக்கொண்டவர்களைக் கீழே கொண்டுவருவதில் உள்ளூர் மலை வழிகாட்டிகள் ஆற்றிய பங்கை நாடே போற்றியது. அவர்களுள் சிலர் உயிரையும் இழந்தனர். பத்தாங் காலியிலோ, அவ்விடத்தில் முகாம் நடத்த உரிமம் இல்லை என்று அதிகாரிகள் பின்னர் தெரிவித்தனர். உரிமம் உண்டா என்று கேட்பது எவராலும் முடிந்த செயல். அதையாவது நாம் கேட்டாக வேண்டும்.

"அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே, கேளிக்கைப் பூங்கா போதாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் தாத்தா பாட்டிமார் விடியும் முன்பே இரப்பர்க் காட்டின் மேடு பள்ளங்களில் நடந்தவர்கள். மழை வருமா என்பதைக் காற்றைக்கொண்டே சொன்னவர்கள். அடுக்குமாடி வீட்டில் வளரும் அவர்களின் பேரப்பிள்ளைகளுள் சிலர் மண்மேட்டில் கால் வைக்கவே தயங்குகிறார்கள். குறிஞ்சி என்றால் மலை, நெய்தல் என்றால் கடல், மருதம் என்றால் வயல் என்று மனனம் செய்து எழுதுகிறார்கள். ஆனால், மலையில் ஏறியதில்லை. வயல் வரப்பில் நடந்ததில்லை.

இம்மூன்று நிலங்களும் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மலைக்குக் கேமரன் மலையின் பிரிஞ்சாங் முகடு இருக்கிறது. 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் மரங்களெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். குடுவைச் செடி பூச்சிகளைப் பிடித்து உண்பதை அங்கே நேரில் காட்டலாம். கடற்கரைக்குப் பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது. தெலுக் பகாங்கிலிருந்து காட்டு வழியே நடந்தால் கெராச்சுட் கடற்கரை வரும். அங்கே ஆமைப் பாதுகாப்பு மையமும், நன்னீர் மேலும் உப்புநீர் கீழுமாகக் கலவாமல் நிற்கும் ஏரியும் உள்ளன. அந்த ஏரி ஆண்டு முழுவதும் நிறைந்திருப்பதில்லை. நாட்டுப்புறத்திற்குக் கெடாவின் நெல்வயல்களும், ஜெராய் மலையடிவாரத்தில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்கும் போதும். கடாரம் என்று நம் பிள்ளைகள் வரலாற்றில் படிப்பது அந்த வட்டாரத்தைத்தான். அங்கிருந்த பழைய சண்டி ஒன்று 2013-ஆம் ஆண்டு நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது என்ற செய்தியையும் அம்மண்ணில் நின்று சொன்னால்தான் பிள்ளைகள் மனத்தில் பதியும்.

இவற்றுள் எதற்குப் போவதாயினும் நான் இப்போது ஐந்து கேள்விகளை முன்வைக்கிறேன்.

1. உரிமமும் அனுமதியும் உண்டா? வனக் காப்பகங்களில் மலையேறுவதற்கு மாநில வனத்துறையின் அனுமதி தேவை. பல மலைகளுக்குப் பதிவுபெற்ற மலை வழிகாட்டி உடன் செல்ல வேண்டும். வாய்வார்த்தை போதாது, தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

2. வருகிறவர் யார்? நிறுவனத்தின் பெயரை விட நடக்கப்போகும் மனிதரின் பெயர் முக்கியம். இதே பாதையில் கடைசியாக எப்போது நடந்தார் என்று அவரிடமே கேளுங்கள். ஆள் மாறினால் பயணத்தைத் தள்ளி வைப்போம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

3. எத்தனை பிள்ளைகளுக்கு ஒருவர்? தொடக்கப்பள்ளி மாணவர்கள் எட்டுப் பேருக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. வழிகாட்டிகளுள் ஒருவர் முன்னும் மற்றொருவர் பின்னும் நடக்க வேண்டும்.

4. எப்போது புறப்பட்டு எப்போது திரும்புவோம்? நம் நாட்டில் பிற்பகல் இடிமழை வழக்கமானது. காலையில் ஏறி, நண்பகலுக்குள் இறங்கிவிடும் திட்டமே நல்லது. கிழக்குக்கரைப் பயணமாயின் நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவமழைக் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

5. எந்த நிலையில் பாதி வழியில் திரும்பிவிடுவீர்கள்? எனக்கு இதுவே தலையாய கேள்வி. "நாங்கள் திரும்பியதே இல்லை" என்று பெருமையுடன் சொல்பவரை நான் அமர்த்துவதில்லை. பாதியில் திரும்பினாலும் அவருக்குரிய ஊதியம் முழுமையாகக் கிடைக்கும் என்பதையும் முன்பே உறுதி செய்கிறேன். ஊதியம் போய்விடும் என்ற அச்சம் இருந்தால் எந்த மனிதரும் இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாம் என்றுதான் சொல்வார்.

இந்த ஐந்தாம் கேள்வியின் பொருளை எனக்கு உணர்த்தியவர் செமாய் இனத்தைச் சேர்ந்த ஒரு வழிகாட்டி. 2017-இல் பேராக், கோப்பேங்கை அடுத்த உலு கெரோவுக்கு ரஃப்ளேசியா மலரைக் காட்ட மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். முந்தைய இரவு பெருமழை. முக்கால் பங்கு ஏறியபின் அவர் நின்றார். சரிவைக் காலால் அழுத்திப் பார்த்தார். "இன்று இவ்வளவுதான்" என்றார். பிள்ளைகளின் முகம் வாடிவிட்டது. எனக்கும் ஏமாற்றம்தான். பெற்றோருக்கு என்ன சொல்வது என்றுகூட ஒரு கணம் எண்ணினேன்.

இறங்கும் வழியில் அவர் ஒரு காட்டுக்கொடியைக் காட்டினார். இலையும் தண்டும் இல்லாத அந்த மலர் இத்தகைய கொடியின் உள்ளேதான் வாழ்கிறது என்றார். கொடியின்மேல் முட்டைக்கோசு போன்ற ஒரு மொட்டு இருந்தது. மாதக்கணக்கில் வளரும் மொட்டு, மலர்ந்த பின் ஒரு வாரம்கூட நிலைக்காது என்று விளக்கினார். பிள்ளைகள் சுற்றி அமர்ந்து அரைமணி நேரம் கேள்வி கேட்டார்கள். வகுப்பில் அப்படி அவர்கள் கேட்டதில்லை. மலரைப் பார்க்காமலே திரும்பினோம். அன்றைய அறிக்கையில், "சரிவு வழுக்கியதால் வழிகாட்டியின் சொற்படி பாதியில் திரும்பினோம்" என்று எழுதினேன். 2009-இல் எழுதத் தவறியதை அப்போதாவது எழுத முடிந்ததே என்ற நிறைவு எனக்கு.

பெற்றோர்களே, அடுத்த முறை அனுமதிக் கடிதம் வரும்போது எங்களிடம் இக்கேள்விகளைக் கேளுங்கள். கேட்பதால் ஆசிரியர்கள் நாங்கள் மனம் வருந்தமாட்டோம். ஆசிரிய நண்பர்களே, பிள்ளைகள் பாதியில் திரும்பி வந்தால் அதைத் தோல்வி என்று எண்ணாதீர்கள். நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதுங்கள். அடுத்த பள்ளிக்கு அது உதவும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.