பால் கிண்ணத்தில் நீலக்கல்

"அசல் நீலக்கல்லைப் பாலில் போட்டால் பால் நீலமாகத் தெரியும். கண்ணாடியைக் கீறிப் பாருங்கள், கீறினால் ஒரிஜினல்." ராசிக்கல் வாங்கப் போனவர்கள் இதைக் கேட்காமல் வந்திருக்க மாட்டார்கள். இரண்டு சோதனையாலும் கல் இயற்கையா என்று தெரியாது.

நீலமும் மாணிக்கமும் குருந்தம், அதாவது அலுமினியம் ஆக்ஸைடு. பிரெஞ்சு வேதியியலாளர் ஒகுஸ்த் வெர்னூய், அலுமினாத் தூளைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். பிறகு நீலமும் வந்தது. அதுவும் குருந்தம்தான்: கடினம் 9, ஒப்படர்த்தி 4, ஒளிவிலகல் எண் 1.76 அளவில். மண்ணில் கிடைத்ததும் உலையில் வளர்ந்ததும் கண்ணாடியை ஒரேபோல் கீறும். பாலைப் பொறுத்தவரை நீலக் கண்ணாடித் துண்டே போதும்.

"உள்ளே ஒரு புள்ளி இல்லை, அவ்வளவு சுத்தம்" என்கிறார்கள். எனக்குச் சந்தேகம் வருவதே அங்குதான், அதுவும் கல் பெரிதாகவும் விலை குறைவாகவும் இருந்தால். இயற்கைக் கல்லை நுண்ணோக்கியில் வைத்தால் 60 டிகிரிக் கோணத்தில் ஒன்றையொன்று வெட்டும் ரூட்டைல் என்ற கனிமத்தின் ஊசிகள், கைரேகைபோல் பரவிய திரவத் துளிகள், நேர்க்கோடாகவோ கோணமாகவோ மடங்கும் நிறப்பட்டைகள் தெரியலாம். வெர்னூய் கல்லில் கோடுகள் பழைய இசைத்தட்டின் வரிபோல் வளைந்திருக்கும். வாயுக் குமிழ்களும் இருக்கலாம். ஆனாலும் பத்து மடங்கு லென்ஸ் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. வேறு முறையில், உருகிய உப்புக் கரைசலில் வளர்த்த செயற்கைக் கல்லிலும் கைரேகை மாதிரி உண்டு. பழகிய கண் வேண்டும்.

"சூடு காட்டிய கல் இயற்கை ஆகாது" என்பது எதிர்ப்பக்கத்துப் பிழை. இலங்கையில் கெவுடா எனப்படும் பால்நிறக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கிப்போய் உலையில் வைத்தார்கள். 1,600 டிகிரிக்கு மேல் ரூட்டைல் கரைய, அதிலிருந்த டைட்டானியம் இரும்போடு சேர்ந்து நீலம் தந்தது. கல் இயற்கைதான். சூடேற்றியதைச் சொல்லாமல் சூடேற்றாத கல்லின் விலை கேட்பதுதான் ஏமாற்று. வெளியிலிருந்து பெரிலியத்தை ஊடுருவவிட்டு நிறமேற்றுவது இன்னும் மோசம். பெரும்பாலும் லேசர் கருவிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, "சர்டிபிகேட்டிலேயே சிலோன் என்று இருக்கிறதே!" ஆய்வகம் கல்லின் உட்பொருட்கள், நிறமாலை, இரும்பு, காலியம் போன்றவற்றின் நுண்ணளவு ஆகியவற்றை, பிறப்பிடம் தெரிந்த கற்களோடு ஒப்பிட்டு முடிவு சொல்கிறது. எரிமலைப் பாறை வழி வந்த ஆஸ்திரேலிய நீலத்தில் இரும்பு அதிகம். அதைப் பிரிப்பது எளிது. 1998இல் மடகாஸ்கரின் இலக்காக்காவில் நீலக்கல் கிடைத்தபோதுதான் சிக்கல் வந்தது. 50 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த நிலமும் இலங்கையும் கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தில் அருகருகே இருந்தவை. ஒரே மலையாக்கத்தில் பிறந்த கற்கள் ஒத்திருப்பதில் வியப்பில்லை. அதனால்தான் நல்ல ஆய்வகங்கள் பிறப்பிடத்தைக் கருத்து என்றே எழுதுகின்றன. ஒரே கல்லுக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு நாடு சொல்வதும் உண்டு.

சிலோன் என்ற சொல்லுக்குக் கூடுதல் பணம் கேட்டால், அறிக்கை கடையுடையதா, தனி ஆய்வகத்துடையதா என்று பாருங்கள். சூடேற்றம் பற்றிய வரியைத் தேடுங்கள். எடையும் மில்லிமீட்டர் அளவும் கையிலுள்ள கல்லோடு பொருந்த வேண்டும். ஒரு கல்லின் காகிதத்தை இன்னொரு கல்லோடு சேர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.