பல் செட்டில் பல் கழல்வது ஏன்?



வீட்டுப் பெரியவர் உணவருந்தும்போது பல் செட்டிலிருந்து ஒரு பல் கழன்று தட்டில் விழுவது உண்டு. வறுத்த நிலக்கடலையையும் கொட்டைப்பாக்கையும் காரணம் காட்டி நாம் அவரையே கடிந்துகொள்கிறோம். அவரும் நாணமுற்று, பந்தியில் அமர மறுத்து, கம்பங்கூழோடு நாளைக் கழிக்கிறார். ஆனால் பல வேளைகளில் குறை அவரிடம் இல்லை. பல்லும் தளமும் சேரும் இடத்தில்தான் உள்ளது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல் செட்டின் தளம் கெட்டியாக்கப்பட்ட ரப்பரால் செய்யப்பட்டது. அதில் பதித்த பீங்கான் பற்கள் ரப்பரோடு ஒன்றுவதில்லை. சிறு ஊசிகளும் துளைகளுமே அவற்றைப் பிடித்து நிறுத்தின. 1930களின் பிற்பகுதியில் அக்ரிலிக் பிளாஸ்டிக் வந்தது. இன்று தளமும் பற்களும் பெரும்பாலும் அதே இனத்தைச் சேர்ந்தவை. ஆகவே இரண்டும் உள்ளூரக் கலந்து ஒன்றாக இயலும்.

எனினும் ஓரினம் என்பதாலேயே ஒட்டு உறுதியாகிவிடாது. பற்களை முதலில் மெழுகில் அடுக்கி, பிளாஸ்டர் அச்சில் பதித்து, மெழுகைக் கொதிநீரால் உருக்கி வெளியேற்றுகிறார்கள். பின்னர் அக்ரிலிக் தூளையும் திரவத்தையும் மாவாகப் பிசைந்து அச்சில் நிரப்பி, வெந்நீரில் வைத்து இறுகச் செய்கிறார்கள். பல்லின் அடியில் மெல்லிய மெழுகுப் படலம் எஞ்சினாலும், அச்சில் ஒட்டாதிருக்கப் பூசும் திரவம் அங்கே பட்டாலும், பிணைப்பு நலிந்துவிடும். தேயாமலிருக்க மிகக் கெட்டியாக ஆக்கப்பட்ட பற்களினுள் அக்ரிலிக் திரவம் எளிதில் ஊறாததும் மற்றொரு காரணம்.

அவிநாசி சாலையில் பஞ்சர் ஒட்டுபவரைக் கவனித்திருப்பீர்கள். டியூபைத் துடைத்து, அரத்தால் தேய்த்து, பசை தடவிச் சற்றுக் காத்திருந்த பின்னரே ஒட்டுத்துண்டை வைக்கிறார். பல் செட்டுக்கும் இதுவே முறை. பல்லின் அடிப்பாகத்தைத் தூய்மை செய்து, சிறிது சொரசொரப்பாக்கி, அக்ரிலிக் திரவத்தால் நனைத்தால் மேற்பரப்பு இளகிப் புதிய மாவோடு பின்னிக்கொள்ளும். உடைந்த தளத்தைப் பழுது பார்க்கும்போது சுமார் 3 நிமிடம் நனைப்பது நற்பயன் தருவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஈறு நொந்தவர்களுக்குத் தளத்தின் உட்புறம் மென்மையான உறை இடுவதுண்டு. அக்ரிலிக் உறை நன்கு ஒட்டும். ஆயினும் அதை மென்மையாக்கும் பொருள் உமிழ்நீரில் கரைந்து வெளியேற, நாளடைவில் கெட்டியாகிவிடும். சிலிக்கோன் உறை நெடுநாள் மென்மையாயிருக்கும். ஆனால் அது அக்ரிலிக்கோடு தானாக ஒட்டாது, இடையே தனிப் பசை வேண்டும். அதன் விளிம்பு உரிந்தால் உணவும் பூஞ்சையும் உள்ளே தங்கும். உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இல்லத்தார் நினைவிற்கொள்ள வேண்டியவை சில. கழன்ற பல்லை எறியாமல் காகிதத்தில் மடித்து வையுங்கள். கடையில் விற்கும் விரைவுப் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். அது வாய்க்குத் தீங்கு செய்வதோடு, பின்னர் முறையாகப் பழுது பார்ப்பதற்கும் இடையூறாகும். பல் செட்டைக் கொதிநீரில் இடவேண்டாம்; தளம் வளைந்துவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் வையுங்கள். கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் நீர் இருக்கட்டும். கை நழுவினாலும் உடையாது. அதே பல் மீண்டும் மீண்டும் கழன்றால், கடிக்கும் பொருத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். கோவை ஸ்ரீ ராமகிருஷ்ணா, குமாரபாளையம் ஜே.கே.கே. நடராஜா போன்ற பல் மருத்துவக் கல்லூரிகளில் இதற்கான மருத்துவர்கள் உள்ளனர்.

பல் நோயாளரின் பாதுகாவலியான புனித அப்பொலோனியா, கி.பி. 249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் பற்கள் நொறுக்கப்பட்டு மறைசாட்சியாக உயிர் நீத்தார். பெப்ரவரி 9 அவரது திருநாள். அன்று அவரிடம் மன்றாடுவது நன்று. அதனோடு நம் பெரியவரைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, மீண்டும் பந்தியில் நம்மருகே அமர்த்திக்கொள்வதும் நம் கடமையே.