ரிலையபிளுக்கு ஒரு வக்கீல்

இந்த வாரமும் ஓர் ஆங்கிலப் பத்திரிகை ஏதோ ஓர் ஊழலின் வாலில் 'கேட்' ஒட்டிவிட்டது. எனக்கும் அந்த 'கேட்'டுக்கும் உள்ள பகை இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சுருக்கமாக: 1972 ஜூன் 17 அன்று வாஷிங்டனின் வாட்டர்கேட் வளாகத்தில், ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் நுழைந்த ஆட்கள் பிடிபட்டார்கள். அந்த விவகாரத்தால் 1974இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பதவி விலகினார். வளாகத்தின் பெயரை அறுத்துப் பின்பாதியை எடுத்து, எங்கே தில்லுமுல்லு நடந்தாலும் ஒட்ட ஆரம்பித்தார்கள். இதைப் பரப்பியதில் பெரும்பங்கு வில்லியம் சஃபயர் என்ற பத்தி எழுத்தாளருக்கு உண்டு. அவர் முன்பு நிக்சனுக்கே உரை எழுதிக் கொடுத்தவர்! பெரிய குற்றத்தையும் சில்லறைச் சண்டையையும் ஒரே தட்டில் வைக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது.

இதையே இன்னும் நாலு பத்தி திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பின்னொட்டுகள் பற்றிப் புரட்டும்போது ஃபிட்ஸெட்வர்ட் ஹால் வந்து மறித்துக்கொண்டார். 'கேட்' கிடக்கட்டும்.

'ஏபிள்' என்று முடியும் ஆங்கிலப் பெயரடைகளைப் பற்றி 1877இல் ஹால் ஒரு புத்தகம் போட்டார். இருநூறு பக்கங்களுக்கு மேல். அதிலும் குறிப்பாக 'ரிலையபிள்' (நம்பத்தக்க) என்ற ஒரே சொல்லுக்காக வாதாடுகிறது. அன்றைய மொழிக் காவலர்களுக்கு அந்தச் சொல்லைக் கண்டாலே ஆகாது. 'ரிலை' என்ற வினை தனியே நிற்காது, பின்னால் 'ஆன்' வரவேண்டும். அதை விழுங்கிவிட்டு 'ஏபிள்' ஒட்டியது பிழை என்றார்கள். போதாக்குறைக்கு, அமெரிக்கச் சரக்கு என்ற வசவு வேறு. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கரான ரிச்சர்ட் கிரான்ட் ஒயிட்டும் அதை எதிர்த்தார்.

ஹாலும் அமெரிக்கர்தான். அவர் கேட்டது எளிய கேள்வி: 'லாஃபபிள்' என்கிறீர்களே, அங்கே 'அட்' எங்கே போயிற்று? 'அக்கவுன்டபிள்' என்கிறீர்களே, 'ஃபார்' எங்கே? 'இன்டிஸ்பென்சபிள்' சொல்லும்போது 'வித்' விழுந்தது தெரியவில்லையா? ஒட்டு சேரும்போது அந்தக் குட்டிச் சொல் உதிர்வது ஆங்கிலத்தின் பழைய பழக்கம். 'ரிலையபிள்' கூடப் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஸ்காட்லாந்தில் எழுத்தில் வந்துவிட்டது.

இந்த மனிதரின் கதை இன்னும் சுவை. 1825இல் நியூயார்க் மாகாணத்து டிராய் நகரில் பிறந்தவர். ஓடிப்போன தம்பியைத் தேடிக் கப்பலேறி, கங்கை முகத்துவாரத்தில் கப்பல் உடைந்து இந்தியாவில் கரையேறினார். வடமொழி கற்று, பனாரஸ் சம்ஸ்கிருதக் கல்லூரியில் பேராசிரியரானார். சம்ஸ்கிருத நூலைப் பதிப்பித்த முதல் அமெரிக்கர் அவர்தான். பிறகு லண்டனுக்குப் போய் இந்தியா ஆபீஸில் நூலகராக இருந்தபோது, சக அறிஞர்களோடு பத்திரிகைகளில் பயங்கரச் சண்டை. 1869இல் வேலை போயிற்று. தன்னைக் குடிகாரன், அந்நிய ஒற்றன் என்றெல்லாம் சொல்லித் துரத்தினார்கள் என்று அவரே சொன்னார்.

சஃபோக் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் போய் அடைந்துகொண்ட அந்தக் கோபக்காரர்தான், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காக அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரேக்கு வருடக்கணக்கில், காசு வாங்காமல், மேற்கோள்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். 1901இல் இறந்தார். அகராதி முடிந்தது 1928இல்.

எனக்கு அவரைப் பிடிப்பதற்குக் காரணம் அவருடைய முறை. எதிராளிகள் விதி பேசினார்கள்; அவர் பழைய புத்தகங்களைப் புரட்டி, யார் எங்கே எப்படி எழுதினார்கள் என்று அடுக்கினார். எந்த ஒட்டு எதோடு சேரலாம் என்று முன்கூட்டியே யாரும் சட்டம் போட்டதில்லை. ஒட்டிப் பார்க்கிறார்கள், நிற்பது நிற்கிறது. நின்ற பிறகு இலக்கணக்காரர் வந்து பெயர் வைக்கிறார்.

இன்று 'ரிலையபிள்' எழுத எந்த ஆங்கிலேயரும் கூசுவதில்லை. அப்படி ஒரு வழக்கு நடந்ததும் அவர்களுக்குத் தெரியாது. தோற்றிருந்தால் ஹாலுக்கு இலக்கண நூல்களில் ஓர் அடிக்குறிப்பாவது கிடைத்திருக்கும். முழுதாக ஜெயித்ததால் மறந்துவிட்டார்கள். இது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.