நம்ம காட்டுச் சேதியை நாமதான் எழுதணும்

போன ஆடியில் எங்க ஊர்க் கூட்டத்தில் பேசினேன். மண் செத்துப்போச்சு, தண்ணி நஞ்சாச்சு, சோறும் நஞ்சாச்சு என்று அரை மணி நேரம். முடித்ததும் பக்கத்துக் காட்டு அண்ணன் எழுந்தார்: "எல்லாம் சரி தம்பி. நாளைக்குக் காலையில என் கத்தரியில காய்ப்புழுவுக்கு எதை அடிக்கட்டும்?"

என் கத்தரிக்கு வேப்பங்கொட்டைக் கரைசலும் இனக்கவர்ச்சிப் பொறியும்தான். ஆனால் எத்தனை நாளுக்கு ஒருமுறை அடித்தேன், என்ன செலவு, எத்தனை கிலோ சொத்தை என்று எதையும் நான் குறித்து வைக்கவில்லை. மழுப்பினேன். மறுநாள் அவர் மருந்துக் கடைக்குப் போனார்.

செய்தித்தாளும் தொலைக்காட்சியும் ஏரியில் மீன் செத்து மிதந்தால் வருவார்கள். மண்புழு வருசா வருசம் குறைவதைப் படம் பிடிக்க யாரும் வர மாட்டார்கள். மெல்ல நடப்பதை அங்கேயே இருப்பவன்தான் பார்க்க முடியும்.

காசர்கோட்டை நினைத்துப் பாருங்கள். முந்திரித் தோட்டங்கள் மேல் 1970-களின் கடைசியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். முதலில் சந்தேகப்பட்டது ஆய்வுக்கூடம் இல்லை; கன்றுகள் ஊனமாகப் பிறப்பதைக் கண்ட மாடு வளர்த்தவர்கள். அதைப் பத்திரிகையில் எழுதியவர் அந்த ஊர்க்காரரான ஸ்ரீ பத்ரே. உள்ளூர் மருத்துவர் மோகன்குமார் தன்னிடம் வந்த நோயாளிகளைப் பற்றிக் குறித்து வைத்தார். தில்லி ஆய்வுக்கூட முடிவு வந்தது 2001-இல். உச்ச நீதிமன்றத் தடை 2011-இல். அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் இன்னும் எத்தனை வருசம் ஆகியிருக்குமோ!

அதே ஸ்ரீ பத்ரே நீண்ட காலம் ஆசிரியராக இருந்த கன்னட மாத இதழ் 'அடிகெ பத்திரிகெ'. 1988-இல் தொடங்கியது. உழவர் கையில் பேனா என்பதே அதன் கொள்கை. பாக்கு விவசாயிகளுக்கே எழுதப் பயிற்சி கொடுத்தார்கள்.

கோபம் வேண்டாமா என்று கேட்கலாம். வேணும். ஆனா வெறும் பயத்தைச் சொன்னால் கேட்பவர் கையைப் பிசைவார்; இல்லையென்றால் கடைக்குத்தான் போவார். தேதி, அளவு, செலவு, விளைச்சல் நாலையும் சொன்னால் செஞ்சு பார்ப்பார். தோற்றதையும் எழுதுங்க. அதை மறைத்தால் ஜெயித்ததையும் நம்ப மாட்டார்கள்.

இப்ப என் மோட்டார் அறையில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குது. கத்தரிக்கு மட்டும் பதினோரு பக்கம் ஆகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்கு அதைத்தான் எடுத்துப் போகப் போறேன். அண்ணனுக்கு நான் இன்னும் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.